ஒரே உடல், இரண்டு ஆள்: ஓர் அறிவியல் புனைவுத் தொடரும் நம் வகுப்பறையும்

(ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் புனைகதை ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்பறையைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அறிவியல் புனைகதை என்றதும் விண்கலம், வேற்றுக்கிரகவாசி, காலப் பயணம் என்று மனம் ஓடும். நான் எடுத்துக்கொண்ட கதையில் இவை எதுவும் இல்லை. ஓர் அலுவலக அறை, நான்கு மேசைகள், நீண்ட வெள்ளை நடைபாதைகள், ஒரு லிஃப்ட். அவ்வளவுதான். ஆனாலும் ஓர் ஆசிரியராக அதைப் பார்த்தபோது, பல இடங்களில் நம் பள்ளிக்கூடம்தான் எனக்குத் தெரிந்தது.

தொடரின் பெயர் ‘செவரன்ஸ்’. துண்டித்தல் என்று பொருள். அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. டான் எரிக்சன் உருவாக்கினார். பல பகுதிகளை பென் ஸ்டில்லர் இயக்கினார். முதல் பருவம் 2022 பிப்ரவரியிலும் இரண்டாவது பருவம் 2025 ஜனவரியிலும் வெளிவரத் தொடங்கின. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பெரியவர்களுக்கான தொடர். மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட ஏற்றதல்ல. நாம் பார்த்து, நமக்குள் பேசிக்கொள்வதற்கானது. இனிப் பார்க்கப்போகிறவர்கள் மன்னிக்க வேண்டும். கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது.

ஒரே உடலில் இரண்டு ஆள் என்பது பழைய கற்பனைதான். ஸ்டீவன்சனின் ஜெகில்–ஹைடு கதை 1886-இல் வந்தது. நமக்கு 2005-இல் வந்த ‘அந்நியன்’ படம் உடனே நினைவுக்கு வரும். ஜெகிலைப் பிரித்தது ஒரு மருந்து. அம்பியைப் பிரித்தது ஒரு மனநோய். ‘செவரன்ஸ்’ தொடரில் மனிதர்களைப் பிரிப்பது ஒரு வேலை ஒப்பந்தம். அவர்களாகவே கையெழுத்துப் போட்டுப் பிரிந்துகொள்கிறார்கள்.

லூமன் என்றொரு நிறுவனம். அங்கே ஒரு தளத்தில் வேலை செய்ய வேண்டுமானால் மூளைக்குள் ஒரு சில்லு பொருத்திக்கொள்ள வேண்டும். காலையில் லிஃப்ட் அந்தத் தளத்துக்கு இறங்கும்போது வெளியுலக நினைவு அணைந்துவிடும். மாலையில் மேலே ஏறும்போது அலுவலக நினைவு அணைந்துவிடும். உள்ளே இருப்பவரை ‘இன்னி’ என்கிறார்கள், வெளியே இருப்பவரை ‘அவுட்டி’ என்கிறார்கள். நாம் உள்ளாள், வெளியாள் என்று வைத்துக்கொள்வோம்.

வெளியாளுக்கு இது வசதிதான். காலையில் லிஃப்டில் ஏறினால் அடுத்த கணம் மாலை. உழைத்த களைப்பின் காரணம்கூட நினைவில் இருக்காது. உள்ளாளின் நிலையை நினைத்துப் பாருங்கள். மாலையில் லிஃப்ட் கதவு மூடுகிறது, மூடியவுடன் திறக்கிறது, மறுநாள் காலை. அவருக்குத் தூக்கம் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை தெரியாது, வீடு தெரியாது. அவருடைய ஆயுள் முழுவதும் அலுவலகம்தான்.

நாயகன் ஓர் ஆசிரியர்

கதையின் நாயகன் மார்க், கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். மனைவி கார் விபத்தில் இறந்துவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் துக்கத்தோடு வகுப்பில் நிற்க அவரால் முடியவில்லை. நாளில் எட்டு மணி நேரமாவது மனைவி இறந்ததை அறியாத ஓர் ஆளாக இருக்கலாமே என்றுதான் சில்லைப் பொருத்திக்கொள்கிறார்.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. அலுவலக வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்து மார்க் அழுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். லிஃப்ட் இறங்குகிறது. வெளியே வருபவர் உள்ளாள். அவருக்கு அழுதது தெரியாது, யாருக்காக என்பதும் தெரியாது. ஆனால் கண் சிவந்திருக்கிறது. சில்லு நினைவைத்தான் வெட்டியது. உடலை வெட்ட அதனால் முடியவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இந்தச் சிவந்த கண்களைப் பற்றித்தான். ‘வீட்டுக் கவலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வா’ என்று நாம் குழந்தைகளிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பள்ளி வாசலில் ஒரு லிஃப்ட் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நேற்றிரவு வீட்டில் நடந்த சண்டை, தூங்காத கண், காய்ச்சலில் படுத்திருக்கும் தம்பி எல்லாம் அந்தக் குழந்தையின் உடலோடு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. குழந்தைக்கே அதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ‘ஏன் கவனிக்கவில்லை?’ என்று கேட்டால், மார்க்கின் உள்ளாளைப் போல ‘தெரியலை டீச்சர்’ என்றுதான் சொல்லும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பசியைப் பள்ளியின் பொறுப்பாக எடுத்துக்கொண்டது நம் மாநிலம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. வெறும் வயிற்றோடு வரும் குழந்தையும் வகுப்பில் உட்காரும் குழந்தையும் ஒரே ஆள்தான் என்ற புரிதல் அதில் இருக்கிறது. வயிற்றுக்குச் செய்ததை மனத்துக்கும் செய்வது வகுப்பறையில் நம் கையில் இருக்கிறது.

தொடர் சொல்லும் அறிவியல்

தொடரில் வருவது போன்ற சில்லு உலகில் இல்லை. ஆனால் நினைவு ஒரே மூட்டையாக இல்லை என்பது உண்மையான அறிவியல்.

ஹெலி என்ற பெண் அந்தத் தளத்தில் முதன்முதலாகக் கண் விழிக்கிறாள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் அவளிடம் கேள்விகள் கேட்கிறது. தன் பெயர் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அமெரிக்க மாநிலம் ஒன்றின் பெயரைச் சொல்லச் சொன்னால் டெலவேர் என்று சொல்லிவிடுகிறாள். அம்மாவின் கண் என்ன நிறம் என்று கேட்டால் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது நினைவிருக்கிறது, அம்மா நினைவில்லை.

இது எழுத்தாளரின் கற்பனை மட்டுமல்ல. எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் 1972-இல் நினைவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உலகைப் பற்றிய பொதுத் தகவல்களின் நினைவு ஒன்று. நமக்கு நடந்த நிகழ்வுகளின் நினைவு இன்னொன்று. ‘டெலவேர்’ முதல் வகை. அம்மாவின் கண் இரண்டாம் வகை.

இன்னொரு சான்று ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருடைய மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரும்பாலானதை அறுவை செய்து நீக்கினார்கள். அதன் பிறகு புதிய நிகழ்வுகள் எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சிலால் வரைய வேண்டும். ஒவ்வொரு நாளும் இதைச் செய்ததே இல்லை என்பது போலத்தான் அவர் உட்கார்ந்தார். ஆனால் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. ஆள் மறந்ததைக் கை மறக்கவில்லை. உயிரியல் ஆசிரியர்கள் நரம்பு மண்டலம் நடத்தும்போது இந்த ஒரு நிகழ்வைச் சொன்னால் போதும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஒரு குழந்தை, இரண்டு கணக்கு

சில்லு இல்லாமலேயே ஒருவருடைய அறிவு இரண்டாகப் பிரிந்து நிற்க முடியுமா? முடியும். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காய் முதலியவற்றை விற்ற ஐந்து குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1985-இல் வெளியானது. ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளர்களாகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு விடைகள் சரி. பிறகு அதே எண்களை வைத்துப் பள்ளிப் பாணியில் கேட்டார்கள். கதைக் கணக்காகக் கேட்டபோது சரியான விடை 74 விழுக்காடாக இறங்கியது. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடு.

ஒரு தேங்காய் 35 குருசேரோ. நான்கு தேங்காய் எவ்வளவு? மூன்று 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் ஐந்து, 140 என்று கடையில் அந்தக் குழந்தை மனக்கணக்காகச் சொல்லிவிட்டது. அதே பெருக்கலைத் தாளில் கொடுத்தார்கள். நாலைந்து இருபது, மீதி 2, அந்த இரண்டையும் மூன்றையும் கூட்டினால் 5, நாலைந்து இருபது. விடை 200. மீதி எண்ணைப் பெருக்கிய பின் கூட்டாமல், முன்பே கூட்டிவிட்டது. கடையில் இருந்தால் 200 என்ற விடையை அது ஒரு நொடிகூட ஏற்றிருக்காது. தாளின் முன் உட்கார்ந்தது உள்ளாள். கடைக்காரப் பிள்ளை லிஃப்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

நம் நாட்டிலும் இதே நிலைதான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ‘நேச்சர்’ இதழில் 2025-இல் வந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்த 1,400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சந்தையில் சிக்கலான கணக்கைப் போட்டவர்கள், அதைவிட எளிய பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போன குழந்தைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. குழந்தைகள் வேலை செய்வது சரி என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு அறிவுக்கும் நடுவே நாம் கதவு வைக்கவில்லை என்பதே பொருள்.

கதவு வைப்பது கடினமான வேலையில்லை. பெருக்கல் நடத்தும் முன் ‘வீட்டில், கடையில் இதை எப்படிக் கணக்குப் போடுவீர்கள்?’ என்று கேட்போம். குழந்தை சொல்லும் வழியைக் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் எழுதி, புத்தக வழியை இன்னொரு பக்கத்தில் எழுதுவோம். இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று குழந்தைகளையே கண்டுபிடிக்கச் சொல்வோம். ‘35-ஐ நான்கால் பெருக்கினால் 200’ என்று எழுதிய பிள்ளையிடம், ‘இந்த விலைக்கு நீ வாங்குவாயா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

பரிசும் தண்டனையும்

லூமனின் உள்ளாட்கள் என்ன வேலை செய்கிறார்கள் தெரியுமா? கணினித் திரையில் எண்கள் மிதந்துகொண்டிருக்கும். பார்த்தவுடன் மனத்தில் அச்சம் போன்ற ஓர் உணர்ச்சியைத் தரும் எண்களைத் தேடிப் பிடித்துப் பெட்டியில் போட வேண்டும். எதற்காக என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது. இலக்கை எட்டினால் விரலில் மாட்டிக்கொள்ளும் விளையாட்டுப் பொருள், கேலிச்சித்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாஃபிள் விருந்து.

டிலன் என்பவர் இந்தப் பரிசுகளில் பெருமை கொள்பவர். ஒரு நாள் எதிர்பாராத விதமாக, வெளியே, தன் வீட்டில், உள்ளாளாகவே கண் விழிக்கிறார். ஒரு சிறுவன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று அந்தக் கணத்தில்தான் அறிகிறார். அதற்குப் பிறகு எந்தப் பரிசும் அவருக்குப் பெரிதாக இல்லை. மகனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருக்கிறது.

நாமும் நட்சத்திரம் ஒட்டுகிறோம், பென்சில் கொடுக்கிறோம். தவறில்லை. ஆனால் ‘இதை எதற்கு சார் படிக்கிறோம்?’ என்ற கேள்விக்கு நட்சத்திரம் பதிலாகாது. மின்சுற்று பாடத்துக்கும் வீட்டில் எரியும் பல்புக்கும், பின்னப் பாடத்துக்கும் தங்கையோடு பங்கிடும் தின்பண்டத்துக்கும் உறவு தெரிந்துவிட்டால், அந்தக் குழந்தைக்குப் படிப்பு தன்னுடையதாகிவிடும்.

தண்டனைக்கும் லூமனில் ஓர் அறை உண்டு. தவறு செய்தவர் ஒரு மன்னிப்பு வாசகத்தைப் படிக்க வேண்டும். உண்மையாக வருந்திச் சொன்னதாக ஏற்கப்படும் வரை திரும்பத் திரும்ப, நூற்றுக்கணக்கான தடவை. படிக்கப் படிக்க வருத்தம் வருகிறதா? ஹெலிக்குப் பிடிவாதம்தான் கூடுகிறது. ‘இனி பேச மாட்டேன்’ என்று நூறு முறை எழுதவைப்பதும் இதே அறைதான். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது என்பதை நாம் அறிவோம். நூறாவது முறை எழுதும்போது கை மட்டும்தான் எழுதுகிறது. ஆள் அங்கே இல்லை.

ஹெலி வந்த முதல் நாளிலிருந்தே வேலையை விட்டுப் போக விரும்புகிறாள். விலகல் கோரிக்கை அனுப்புகிறாள். அதை மறுப்பது யார்? அவளுடைய வெளியாளேதான். முடிவெடுப்பவருக்கு வலி தெரியாது. வலிப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. தொடரின் மிகக் கூர்மையான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுப்பாகவே இருக்கும் ஒரு பெயரைப் பார்க்கும்போது எனக்கு ஹெலி நினைவுக்கு வருகிறாள். வராமல் இருப்பது குழந்தை எழுதும் விலகல் கடிதம். திரும்ப அழைத்து வருவது நம் கடமை. அழைத்து வந்தபின், ‘உனக்கு இங்கே எது கடினமாக இருந்தது?’ என்று கேட்பதும் கடமைதான்.

ஒரு சாதாரணப் புத்தகம்

லூமனில் படிக்கக் கிடைப்பது நிறுவனத்தின் விதிமுறைக் கையேடு மட்டுமே. மார்க்கின் மைத்துனர் ரிக்கன் எழுதிய புத்தகம் ஒன்று எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. வெளியில் இருக்கும் நமக்கு அந்தப் புத்தகம் சிரிப்பூட்டும். ஆடம்பரமான வார்த்தைகளும் அரைகுறைத் தத்துவமுமாக இருக்கும். உள்ளே இருப்பவர்கள் அதை ஒளித்து வைத்து, மாறி மாறிப் படிக்கிறார்கள். தாங்களும் மனிதர்கள்தான் என்று சொல்கிற முதல் குரல் அவர்களுக்கு அதில்தான் கிடைக்கிறது. கையேடு கொடுக்காத துணிச்சலை அந்தச் சாதாரணப் புத்தகம் கொடுத்துவிடுகிறது.

பாடநூல் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டிராத குழந்தைகள் நம் வகுப்பில் உண்டு. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் நூலகப் புத்தகங்களும் பீரோவில் பூட்டியிருந்தால் பயனில்லை. கிழிந்தாலும் பரவாயில்லை, கைக்குப் போகட்டும். இது தரமான புத்தகமா, தேர்வுக்கு உதவுமா என்று நாம் அளந்துகொண்டிருக்கும் வேளையில், ஏதோ ஒரு வரியில் ஒரு குழந்தை தன்னைக் கண்டுகொள்ளக்கூடும்.

நமக்கும் இது பொருந்தும்

கடைசியாக நம்மைப் பற்றி. மார்க் கெட்டவர் இல்லை. துக்கத்தோடு பாடம் நடத்த முடியவில்லை, பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை, துண்டித்துக்கொண்டார். நம்மிலும் பலர் வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு, கடன் கவலையோடு, ஒரு மரணத்துக்குப் பின் சில நாட்களிலேயே வகுப்பில் நிற்கிறோம். முகத்தில் காட்டாமல் நடத்துவது நம் தொழில் ஒழுக்கம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிவந்த கண்ணோடு வரும் சக ஆசிரியரை ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். ‘அடுத்த பீரியடை நான் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும். நம்மை யாராவது முழு ஆளாகப் பார்த்தால்தான் குழந்தையை முழு ஆளாகப் பார்க்கும் தெம்பு நமக்கு வரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குழந்தையின் வீட்டுக் கதையை வகுப்பின் நடுவே தோண்டிக் கேட்பது கதவு திறப்பதாகாது. சொல்லாமல் இருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நம் சக்திக்கு மீறிய துன்பம் தெரியவந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் உடனே பேச வேண்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை வருகைப் பதிவேட்டை எடுக்கும்போது, ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லும் ஒவ்வொரு முகத்தையும் ஒரு நொடி நிமிர்ந்து பாருங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நொடி. அந்த நேரத்தில் எந்தப் பாடமும் பின்தங்கிவிடாது. உள்ளேன் என்று சொல்லும் குழந்தை முழுதாக உள்ளே வந்திருக்கிறதா என்பது அந்த ஒரு நொடியில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.